கல் சந்தும் கான்கிரீட்டும்: கிரேட் மஸ்கிரேவ் பாலம் அடைக்கப்பட்டுத் திறக்கப்பட்ட கதை

இங்கிலாந்தின் வடமேற்கே கம்ப்ரியா பகுதியில், ஈடன் ஆறு ஓடும் பள்ளத்தாக்கில், கிரேட் மஸ்கிரேவ் என்ற சிற்றூர் இருக்கிறது. அவ்வூரை ஒட்டிச் செல்லும் பி6259 என்ற சிறு சாலை, ஒரு காலத்தில் ரயில் ஓடிய பாதையை ஒற்றை வளைவுக் கல்பாலம் ஒன்றின் மேல் கடக்கிறது. 1862ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தப் பாலத்தின் அடியிலிருந்து தண்டவாளம் பெயர்க்கப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. 2021ஆம் ஆண்டுக் கோடையின் தொடக்கத்தில் அந்த வளைவின் உட்பகுதி முழுவதும் ஜல்லியாலும் கான்கிரீட்டாலும் அடைக்கப்பட்டது. 2023 கோடையில் அதே அடைப்பு, அடைத்த அமைப்பின் செலவிலேயே தோண்டி எடுக்கப்பட்டது. அந்த இரண்டு ஆண்டுகளில் நடந்தவற்றை அடுக்கிப் பார்த்து, ஒரு பராமரிப்புப் பிரச்சினை எப்படி அவசரநிலையாகக் கருதப்பட்டது என்பதையும், அந்தக் கருதுகோள் எங்கே உடைந்தது என்பதையும் காட்டுவதே இந்த ஆய்வின் நோக்கம். பாலம் சிறியது, பொதுச் சொத்தைப் பராமரிக்கும் எந்த நாட்டு அலுவலகமும் தன்னை அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய சிக்கல்தான் அதைச் சுற்றி எழுந்தது.

பள்ளத்தாக்கின் ரயில்

ஈடன் பள்ளத்தாக்கு ரயில்பாதைக்கு 1858இல் நாடாளுமன்ற ஒப்புதல் கிடைத்தது. கிர்க்பி ஸ்டீபன் ஊரிலிருந்து பென்ரித் நகருக்கு அருகிலுள்ள கிளிஃப்டன் வரை சுமார் 22 மைல் நீண்ட அந்தப் பாதையில் 1862 ஏப்ரலில் சரக்கு ரயில்களும் ஜூனில் பயணிகள் ரயில்களும் ஓடத் தொடங்கின. கிர்க்பி ஸ்டீபனில் அது, ஸ்டெயின்மோர் மேட்டை 1,370 அடி உயரத்தில் கடந்து டர்ஹாம் பகுதியிலிருந்து வந்த மற்றொரு பாதையோடு இணைந்தது. கிழக்கே டர்ஹாமின் கோக் கரி மேற்கின் இரும்பு உலைகளுக்கும், மேற்கின் இரும்புத்தாது கிழக்கின் உலைகளுக்கும் போவதற்காகவே இந்த இணைப்புகள் போடப்பட்டன. பயணிகள் போக்குவரத்து என்றைக்கும் இரண்டாம் இடத்தில்தான் இருந்தது.

இரு பாதைகளுக்கும் பொறியாளர் தாமஸ் பௌச். இந்தப் பெயரைக் கேட்டதும் வாசகர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரலாம். ஸ்காட்லாந்தில் டே கழிமுகத்தின் குறுக்கே அவர் வடிவமைத்த நீண்ட இரும்புப் பாலம், 1879 டிசம்பர் 28ஆம் தேதி இரவுப் புயலில், மேலே சென்றுகொண்டிருந்த ரயிலோடு சரிந்து விழுந்து சுமார் 75 பேர் உயிரிழக்கக் காரணமாயிற்று. பௌச் அடுத்த ஆண்டே இறந்துபோனார். ஒரு பாலம் விழுந்ததால் வரலாற்றில் இடம்பிடித்த அந்தப் பொறியாளரின் பாதையில் நின்ற மற்றொரு சிறு பாலம், அவர் இறந்து 140 ஆண்டுகள் கழித்து, விழுந்துவிடும் என்ற அச்சத்தால் அடைக்கப்பட்டது என்பது கதையாகச் சொல்ல நன்றாக இருக்கும். ஆனால் டே பாலத்தின் வார்ப்பிரும்புத் தூண்களுக்கும் மஸ்கிரேவின் கல்வளைவுக்கும் பொறியியலில் உறவே இல்லை. அதைப் பின்னால் பார்ப்போம்.

இந்தப் பள்ளத்தாக்கின் பயணிகள் சேவை 1962 ஜனவரியில் நின்றது. பிரிட்டனில் ரயில்பாதைகள் மூடப்பட்டதற்கெல்லாம் 1963இல் வெளிவந்த பீச்சிங் அறிக்கையே காரணம் என்று சொல்லும் வழக்கம் உண்டு. இந்தப் பாதை அந்த அறிக்கைக்கு முன்பே கைவிடப்பட்டது. ஸ்டெயின்மோர் பாதையில் 196 அடி உயரத்தில் நின்ற பெலா என்ற இரும்பு மேம்பாலம் 1963இல் பிரிக்கப்பட்டது. ஹார்ட்லி கல்குவாரிக்காகப் பாதையின் ஒரு பகுதி 1970கள் வரையும், வார்கோப் ராணுவ முகாமுக்காக மற்றொரு பகுதி 1989 வரையும் பயன்பட்டன. பிறகு தண்டவாளங்கள் போயின. மேலே சாலை தாங்கி நின்ற பாலங்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன, ஏனெனில் ரயில் நின்றாலும் சாலை நிற்கவில்லை.

இத்தகைய மிச்சக் கட்டுமானங்கள் பிரிட்டன் முழுவதும் 3,100க்கு மேல் உள்ளன. பாலங்கள், சுரங்கங்கள், பெரிய வளைவு மேம்பாலங்கள், வெறும் தாங்குசுவர்கள் எல்லாம் இதில் அடங்கும். உரிமை நாட்டின் போக்குவரத்துத் துறையிடம் இருக்கிறது. 2013இல் பழைய பிரிட்டிஷ் ரயில்வேயின் எஞ்சிய சொத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்த நிறுவனம் கலைக்கப்பட்டபோது, இவற்றைப் பராமரிக்கும் வேலை தேசிய நெடுஞ்சாலைகளைக் கவனிக்கும் அரசு அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த அமைப்பு 2015இல் ஹைவேஸ் இங்கிலாந்து என்றும், 2021 ஆகஸ்ட்டில் நேஷனல் ஹைவேஸ் என்றும் பெயர் மாறியது. கட்டுரையில் குழப்பம் வேண்டாம் என்பதற்காக இனி ‘நெடுஞ்சாலை அமைப்பு’ என்றே குறிப்பிடுகிறேன். விரைவுச் சாலைகளை விரிவாக்குவதையே முதன்மைத் தொழிலாகக் கொண்ட ஓர் அமைப்பிடம், வருமானம் ஏதும் தராத, வயதான, சிதறிக் கிடக்கும் கல் கட்டுமானங்கள் போய்ச் சேர்ந்தன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் நடந்தவை அவ்வளவு வியப்பளிக்காது.

மேலே ஒரு வழி, கீழே ஒரு வழி

கைவிடப்பட்ட ரயில்பாதை நடைபாதையாவது பிரிட்டனுக்குப் புதிதல்ல. ஸ்டாஃபர்ட்ஷயரில் 1934இல் மூடப்பட்ட மேனிஃபோல்ட் பள்ளத்தாக்கின் குறும்பாதை 1937லேயே நடப்பவர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பீக் மாவட்டத்தின் டிஸ்ஸிங்டன் நடைபாதை 1971இல் திறக்கப்பட்டது. பிரிஸ்டலுக்கும் பாத் நகருக்கும் இடையிலான பழைய ரயில்பாதையில் 1979 முதல் 1986 வரை தன்னார்வலர்கள் கைப்பட அமைத்த வழியே பின்னர் நாடு தழுவிய சைக்கிள் பாதைகளுக்கு வித்தாயிற்று.

ரயில்பாதை நடைபாதையாவதற்கு ஏன் இவ்வளவு பொருத்தமானது என்பதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. நீராவி எஞ்சின் செங்குத்தான ஏற்றத்தை ஏறாது. ஆகவே மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் சரிவைக் குறைத்துத்தான் அந்தக் காலப் பொறியாளர்கள் பாதை போட்டார்கள். எஞ்சினுக்காகச் செய்த அந்தச் சமன் இன்று குழந்தைகளின் சைக்கிளுக்கும், சக்கர நாற்காலிக்கும், முழங்கால் வலிக்கும் முதியவருக்கும் பயன்படுகிறது. அந்தச் சமன் குலையாமல் இருக்க வேண்டுமானால் குறுக்கே வரும் சாலைகளுக்குக் கீழாகவோ மேலாகவோ வழி தடையின்றிப் போக வேண்டும். மஸ்கிரேவ் போன்ற பாலம் செய்வது அதைத்தான். வளைவின் அடியை அடைத்துவிட்டால் நடப்பவர் சுமார் 17 அடி உயரம் ஏறி, வண்டிகள் விரையும் சாலையை வளைவிலோ மேட்டிலோ கடந்து, மறுபுறம் மீண்டும் இறங்க வேண்டும். திடமான கால் உள்ளவருக்கு இது ஒரு சிறு சிரமம். சக்கர நாற்காலியில் வருபவருக்குப் பாதை அங்கேயே முடிந்துவிடுகிறது. இருபது மைல் பாதையை முறிக்க ஓர் அடைத்த பாலம் போதும்.

மஸ்கிரேவ் பாலத்தின் கீழே அப்போது முறையான நடைபாதை இருக்கவில்லை. ஆனால் அது நின்ற இடம் முக்கியமானது. ஒரு புறம் வார்கோப்பில் ஈடன் பள்ளத்தாக்கு ரயில்வே என்ற பெயரில் தன்னார்வலர்கள் பழைய ரயில்களை ஓட்டுகிறார்கள். மறுபுறம் கிர்க்பி ஸ்டீபன் கிழக்கு நிலையத்தில் ஸ்டெயின்மோர் ரயில்வே நிறுவனத்தார் இன்னொரு மீட்டெடுத்த நிலையத்தை நடத்துகிறார்கள். இரண்டையும் என்றாவது இணைக்க வேண்டும் என்ற ஆசை இரு தரப்புக்கும் இருந்தது. இடையிலுள்ள சில மைல்களில் நிற்கிறது இந்தப் பாலம்.

வளைவு எப்படி நிற்கிறது

பாலம் விழுமா விழாதா என்ற கேள்விக்கே எல்லாம் வந்து நிற்பதால், கல்வளைவின் இயக்கத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கல்வளைவில் எந்தக் கல்லும் இன்னொரு கல்லைப் பிடித்துத் தொங்குவதில்லை. மேலே வரும் சுமை ஒவ்வொரு வளைவுக் கல்லையும் அடுத்த கல்லின் மீது அழுத்துகிறது. அந்த அழுத்தம் கல்லுக்குக் கல் கைமாறி இரு பக்கத் தாங்குசுவர்களுக்கும் அங்கிருந்து மண்ணுக்கும் போய்ச் சேர்கிறது. கல்லுக்கு அழுத்தத்தைத் தாங்குவது எளிது. இழுவையைத் தாங்குவதுதான் கடினம். அழுத்தம் செல்லும் கோடு வளைவின் தடிமனுக்குள்ளேயே இருக்கும்வரை வளைவு நிற்கும். ஒரு விரிசல் விட்டாலும் உடனே விழுந்துவிடாது. சற்று அசைந்து, புதிய சமநிலை ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு நிற்கும். வார்ப்பிரும்பு இப்படி அசைந்துகொடுக்காது, முறியும். டே பாலத்தையும் மஸ்கிரேவ் பாலத்தையும் ஒரே மூச்சில் பேசக் கூடாது என்று மேலே சொன்னது இதனால்தான்.

கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சாந்தின் வேலை ஒட்டவைப்பதல்ல, அழுத்தத்தைச் சீராகப் பரப்புவது. சுண்ணாம்புச் சாந்து மழையிலும் உறைபனியிலும் மெல்ல மெல்ல உதிரும். உதிர்ந்த சந்துகளைச் சுத்தம் செய்து மறுபடி சாந்து அடைப்பதைத்தான் நம் கொத்தனார்கள் பாயிண்டிங் என்கிறார்கள். நூறு ஆண்டு தாண்டிய எந்தக் கல்பாலத்துக்கும் அவ்வப்போது தேவைப்படும் சாதாரண வேலை அது.

இந்தச் சாதாரண வேலை தவறும்போது காகிதத்தில் என்ன நிகழ்கிறது என்பதுதான் இவ்வழக்கின் நுட்பம். பிரிட்டனில் வளைவுப் பாலங்களின் தாங்குதிறனைக் கணிக்கப் பரவலாகக் கையாளப்படும் முறைக்கு மெக்ஸி என்று பெயர். 1930களில் பிப்பர்ட் என்ற பேராசிரியர் செய்த ஆய்வுகளிலிருந்து, போர்க்கால ராணுவப் பொறியாளர்கள் தங்கள் கனரக வண்டிகள் எந்தப் பாலத்தில் போகலாம் என்று விரைந்து முடிவுசெய்வதற்காக உருவாக்கிய முறை அது. வளைவின் இரு தாங்குசுவர்களுக்கு இடையிலான தூரம், கல்லடுக்கின் தடிமன், அதன்மேல் கொட்டிய மண்ணின் ஆழம் ஆகியவற்றிலிருந்து முதலில் ஒரு சுமையளவு கணிக்கப்படும். பிறகு அந்த எண், நிலைமையைக் குறிக்கும் காரணிகளால் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருக்கப்படும். சந்தின் அகலம் அரை அங்குலத்துக்கு மேல் என்றால் 0.8, சாந்து உதிரும் நிலையில் இருந்தால் 0.9, சாந்து குறிப்பிட்ட ஆழத்துக்கு இல்லாமலே போயிருந்தால் மீண்டும் 0.8. மூன்றையும் பெருக்கினால் 0.58க்கும் சற்றுக் குறைவு. கல் ஒன்றுகூட நகராத, ஒரு விரிசல்கூட விடாத பாலமும் சாந்து போனதாலேயே, கணக்கில், தன் திறனில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இழந்துவிடும். இது விளக்கத்துக்காக நான் சொல்லும் கணக்கு, மஸ்கிரேவுக்கு உரியதல்ல. ஆனாலும் குறைந்த மதிப்பீடு வந்துவிட்டது என்பதை வைத்துப் பாலம் நலிந்துவிட்டது என்று உடனே முடிவுகட்ட முடியாது என்பதும், பூச்சுவேலை செய்தால் அதே கணக்கு உயர்ந்துவிடும் என்பதும் இதிலிருந்து தெளிவாகும்.

இன்னொரு பின்னணியும் உண்டு. 1968ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டத்தின் வழிவந்த விதிகளின்படி, ரயில் சொத்தாகிய பாலத்தின் உரிமையாளர் 24 டன் வண்டியைத் தாங்கும் அளவுக்குப் பாலத்தை வைத்திருந்தால் போதும். அதற்குமேல் வேண்டுமானால் அது சாலைக்குப் பொறுப்பான உள்ளாட்சியின் பாடு. 1999 முதல் 40 டன் லாரிகள் பிரிட்டிஷ் சாலைகளில் ஓட இருந்ததால் 1990களில் நாடெங்கும் பாலங்கள் மறுமதிப்பீடு செய்யப்பட்டன. அப்போது குறைந்த எண் பெற்ற சிறு பாலங்கள் பல. சிலவற்றின் முகப்பில் எடைக் கட்டுப்பாட்டுப் பலகை வைக்கப்பட்டது. பல இடங்களில் அதுவும் வைக்கப்படவில்லை. உரிமையாளர் ஒருவர், சாலைக்குப் பொறுப்பு மற்றொருவர் என்ற பிளவில், பலகை வைப்பது யார் வேலை என்பதே பல ஆண்டுகள் தீராமல் கிடக்கும். நம் ஊர்களில் குழாய் உடைந்தால் குடிநீர் வாரியமா நகராட்சியா என்று கேட்பது போலத்தான்.

2021: அடைப்பு

2021 மே, ஜூன் மாதங்களில் நெடுஞ்சாலை அமைப்பின் ஒப்பந்தக்காரர்கள் மஸ்கிரேவ் பாலத்தின் அடியில் ஆயிரம் டன்னுக்கும் மேற்பட்ட ஜல்லியையும் கான்கிரீட்டையும் கொட்டி வளைவை முழுமையாக நிரப்பினார்கள். செலவு 1,24,000 பவுண்டு. வெளியே இருபுறமும் சாம்பல் நிறச் சரிவாக வழிந்து நின்ற அந்த நிரப்பின் படங்கள் செய்தித்தாள்களில் வந்தபோது, அதற்கு முன் இந்தப் பாலத்தின் பெயரைக் கேட்டிராதவர்கள்கூட முகம் சுளித்தார்கள்.

அமைப்பின் வாதத்தைச் சரியாகப் பதிவுசெய்ய வேண்டும். மதிப்பீட்டில் பாலம் தேறவில்லை. எடைக் கட்டுப்பாடு இல்லாததால் கனரக வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. பாலம் மேலும் நலிந்து ஆபத்தாவதற்கு முன் தடுத்தாக வேண்டும். என்றாவது ரயில் மீண்டும் வருமானால் நிரப்பை எடுத்துவிடலாம் என்பவை அதன் சாரம். பாலம் விழுந்து ஒருவர் இறந்தால் விசாரணைக் கூண்டில் நிற்கப்போவது தாங்கள்தான் என்று நினைக்கும் ஓர் அலுவலகத்தின் அச்சம் போலியானதல்ல. அதோடு நிரப்பிய பாலத்துக்கு ஒரு நிர்வாக வசதியும் உண்டு: ஆண்டுதோறும் ஆள் அனுப்பி வளைவின் அடியைப் பார்க்க வேண்டியதில்லை, கல்லை எண்ண வேண்டியதில்லை, சாந்து பூச வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பு ஏற்கெனவே திரண்டிருந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில், அடுத்த ஐந்தாண்டுகளில் அடைக்கவோ இடிக்கவோ திட்டமிடப்பட்டிருந்த 134 கட்டுமானங்களின் பட்டியல் வெளியாகியிருந்தது. பொறியாளர்கள், நடைப்பயணிகள், சைக்கிள் ஓட்டிகள், மரபுக் கட்டட ஆர்வலர்கள் ஆகியோர் ஹெச்.ஆர்.இ. (ஹிஸ்டாரிக்கல் ரயில்வேஸ் எஸ்டேட், அதாவது இந்தப் பழைய ரயில் சொத்துகளின் தொகுப்பு) குழு என்ற பெயரில் கூடி அந்தப் பட்டியலை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். வெறும் பழம்பெருமை பேசாமல் அமைப்பின் சொந்தப் பரிசோதனை அறிக்கைகளையே கேட்டு வாங்கி, அவற்றிலிருந்தே வாதாடியதில்தான் அவர்களுடைய பலம் இருந்தது. மஸ்கிரேவைப் பொறுத்தவரை, பாலம் நல்ல நிலையில்தான் இருந்தது, சில ஆயிரம் பவுண்டு செலவில் சந்துகளைப் பூசியிருந்தால் தாங்குதிறன் தேவையான அளவுக்கு உயர்ந்திருக்கும் என்பது அவர்கள் நிலைப்பாடு. மேலே விளக்கிய மதிப்பீட்டு முறையை அறிந்த எவருக்கும் அது நம்பத்தகாத வாதமாகத் தோன்றாது.

2021 ஜூலையில் அரசு அடைப்புத் திட்டத்தை நிறுத்திவைத்தது. மஸ்கிரேவைப் பொறுத்தவரை அந்த முடிவு சில வாரங்கள் தாமதமாகிவிட்டது.

அவசரநிலை என்ற சொல்

இந்த நிரப்புக்குத் திட்ட அனுமதி எதுவும் பெறப்படவில்லை. இங்கிலாந்தின் 2015ஆம் ஆண்டு ஊரமைப்பு ஆணையில், அனுமதி கேளாமலே செய்யத்தக்க பணிகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதன் 19ஆம் பகுதியில் கியூ என்ற பிரிவு, அரசு அமைப்புகள் அவசரநிலையைத் தடுக்கவோ குறைக்கவோ செய்யும் பணிகளுக்கு விலக்கு அளிக்கிறது. அவசரநிலை என்பதற்கு அங்கே பொருளும் தரப்பட்டுள்ளது: மக்கள் நலனுக்கோ சுற்றுச்சூழலுக்கோ நாட்டின் பாதுகாப்புக்கோ கடும் சேதம் விளைவிக்கும் அச்சுறுத்தல். வெள்ளம், குண்டுவெடிப்பு, கொள்ளைநோய் போன்றவற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சொற்கள் இவை என்பது படித்தாலே தெரியும். விலக்கின் கீழ் செய்யப்பட்ட பணி தற்காலிகமானது என்பதும் அந்தப் பிரிவின் உள்ளார்ந்த நிபந்தனை. குறித்த காலத்துக்குள் நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும், இல்லையேல் உள்ளாட்சியின் எழுத்துமூல அனுமதி பெற வேண்டும்.

இங்கேதான் தர்க்கம் இடறுகிறது. ஒரு பாலம் உண்மையிலேயே இன்றோ நாளையோ விழும் நிலையில் இருந்தால், செய்ய வேண்டிய முதல் காரியம் சாலையை மூடுவது. அல்லது குறைந்தபட்சம் கனரக வண்டிகளைத் தடுத்து ஒரு பலகை வைப்பது. அதற்கு ஒரு நாள் போதும். ஆயிரம் டன் பொருளைத் திட்டமிட்டு, ஒப்பந்தம் விட்டு, வாரக்கணக்கில் கொட்டுவதற்கு நேரம் இருக்கிறது என்றால், அந்த நிலைமையை அவசரநிலை என்று அழைப்பது கடினம். அதோடு, கான்கிரீட் ஊற்றி வளைவை நிரப்புவதைத் தற்காலிகப் பணி என்று எந்தக் கொத்தனாரும் சொல்ல மாட்டார். நெடுஞ்சாலை அமைப்பின் பொறியியல் முடிவைக் காட்டிலும் இந்தச் சட்டவழித் தேர்வே பெரிய தவறு என்பது என் கணிப்பு. பொறியியல் முடிவை விவாதிக்கலாம். விவாதமே நடக்காமல் தவிர்த்தது இந்தத் தேர்வுதான்.

பாலம் இருந்த பகுதியின் திட்ட அதிகாரம் ஈடன் மாவட்ட மன்றத்திடம் இருந்தது. நிரப்பை நிரந்தரமாக வைத்திருக்க வேண்டுமானால் பின்னேற்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று மன்றம் கேட்டுக்கொண்டது. நெடுஞ்சாலை அமைப்பு விண்ணப்பித்தது. பொதுமக்களின் கருத்துக்கு வைத்தபோது எதிர்த்து 913 பேர் எழுதினார்கள்; ஆதரித்து இரண்டு பேர். 2022 ஜூன் 16ஆம் தேதி கூடிய திட்டக் குழு விண்ணப்பத்தை ஒருமனதாக நிராகரித்தது. மரபுக் கட்டுமானத்துக்கும் அதன் சூழலுக்கும் ஏற்பட்ட கேடும், பழைய ரயில்வழியை மீண்டும் பயன்படுத்தும் வாய்ப்பு அடைபட்டதும் அந்த முடிவில் எடை பெற்றன. அதன்பின் வந்த அமலாக்க அறிவிப்பு, 2023 இலையுதிர்காலத்துக்குள் நிரப்பை அகற்றிப் பாலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று கட்டளையிட்டது. அமைப்பு மேல்முறையீட்டுக்குப் போகவில்லை.

பின்னேற்பு விண்ணப்பங்கள் பெரும்பாலும் அங்கீகாரத்தில்தான் முடிகின்றன. கட்டியதை இடிக்கச் சொல்ல எந்த அதிகாரிக்கும் மனம் வராது. ஒரு சிறு மாவட்ட மன்றம் நாட்டின் நெடுஞ்சாலைகளையே நடத்தும் அமைப்பிடம், கொட்டியதை அள்ளிக்கொண்டு போ என்று சொன்னது அதனால்தான் செய்தியாயிற்று. இதில் ஒரு சிறு வேடிக்கையும் உண்டு. 2023 ஏப்ரல் 1ஆம் தேதி கம்ப்ரியாவின் உள்ளாட்சிகள் மாற்றியமைக்கப்பட்டபோது ஈடன் மாவட்ட மன்றம் கலைந்து, வெஸ்ட்மார்லண்ட் அண்ட் ஃபர்னஸ் என்ற புதிய மன்றத்தில் கரைந்தது. உத்தரவு போட்ட மன்றம், அந்த உத்தரவு நிறைவேறியதைப் பார்க்க இருக்கவில்லை.

அகற்றும் வேலைக்கு நான்கு லட்சம் பவுண்டுக்கு மேல் ஆகும் என்று மதிப்பிடப்பட்டது. அடைப்பதற்கு ஆனதைப்போல மூன்று மடங்குக்கும் அதிகம். எடுத்துவிடலாம் என்ற சொல்லின் விலை அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. ஜல்லியை அள்ளுவது எளிது. வளைவின் அடிவயிற்றோடு ஒட்டி நிற்கும் கான்கிரீட்டை, கல்லைச் சிதைக்காமல் பெயர்ப்பதுதான் நிதானம் கேட்கும் வேலை. 2023 கோடையில் அந்த வேலை முடிந்து வளைவு திறந்தது.

அதே பள்ளத்தாக்கில் வேறொரு முடிவு

இதை வேறு எப்படிச் செய்திருக்கலாம் என்று கேட்பவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கிர்க்பி ஸ்டீபனுக்கு அருகே, அதே தாமஸ் பௌச் 1861இல் முடித்த ஸ்மார்டேல் கில் மேம்பாலம் நிற்கிறது. பதினான்கு வளைவுகள், 90 அடி உயரம், 550 அடிக்கும் சற்று மேலான நீளம். ரயில் நின்ற பின் பராமரிப்பின்றிக் கிடந்த அதை 1980களில் இடித்துவிட பிரிட்டிஷ் ரயில்வே விரும்பியது. எதிர்ப்பு எழுந்து, நார்தர்ன் வயடக்ட் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை உருவாகி அதை ஏற்றுக்கொள்ள முன்வந்தபோது, ரயில்வே ஒரு நல்ல காரியம் செய்தது: இடிப்பதற்கு எவ்வளவு ஆகுமோ அந்தத் தொகையைப் பழுதுபார்ப்பதற்குக் கொடுத்தது. எப்படியும் செலவழியப்போகிற பணம்தான். 1990களின் தொடக்கத்தில் மேம்பாலம் சீரமைக்கப்பட்டது. இன்று அதன்மேல் நடந்துசெல்லலாம். பழைய ரயில்பாதை அங்கே இயற்கைக் காப்பகத்தின் ஊடாகச் செல்லும் நடைவழி. அதே அறக்கட்டளையின் கையில் இருக்கும் பதினொரு வளைவுப் பாட்கில், ஒன்பது வளைவு மெர்ரிகில் மேம்பாலங்களும் கிர்க்பி ஸ்டீபனுக்கு அருகே நடப்பவர்களுக்குத் திறந்திருக்கின்றன.

ஆக, மஸ்கிரேவை அடைக்க முடிவெடுத்தவர்களுக்கு முப்பது ஆண்டு பழைய முன்மாதிரி சில மைல் தொலைவிலேயே இருந்தது. ஸ்மார்டேல் பெரியது, கம்பீரமானது, சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் உயர்ந்த தரத்தில் இடம்பெற்றது, மஸ்கிரேவ் சிறியது. இந்த வேறுபாடு முக்கியமானது என்றே நினைக்கிறேன். பதினான்கு வளைவுகளை இடிக்கப் போனால் ஊர் திரளும். ஒற்றை வளைவு ஒன்று ஒரு வயற்காட்டு ஓரத்தில் அடைபட்டால் கேட்பதற்கு ஆள் இருக்காது என்று எண்ணியிருப்பார்கள். பாதையின் பார்வையில் இரண்டும் ஒன்றுதான். பெரிய மேம்பாலத்தைக் காப்பாற்றிவிட்டு, அதற்கு இட்டுச்செல்லும் வழியில் உள்ள சிறு வளைவுகளை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டால், கடைசியில் மிஞ்சுவது படம் எடுப்பதற்கான ஒரு காட்சிப் பொருள்தான்.

மிச்சமிருப்பவை

இவ்வழக்குக்குப் பின் நெடுஞ்சாலை அமைப்பு தன் நடைமுறையை மாற்றிக்கொண்டது. அடைப்பு அல்லது இடிப்பு போன்ற பெரிய முடிவுகளுக்கு முன் மரபு, சூழலியல், நடை மற்றும் சைக்கிள் பயன்பாடு ஆகிய கோணங்களில் ஆராய்வதற்கும், வெளியார் அடங்கிய ஆலோசனை அமைப்பு ஒன்றின் முன் வைப்பதற்கும் ஒழுங்கு வகுக்கப்பட்டது. 2021க்கு முன்பே அடைக்கப்பட்ட பாலங்கள் வேறு பல இடங்களில் இருக்கின்றன. அங்கெல்லாம் இப்படியொரு மன்றமோ குழுவோ 913 கடிதங்களோ வந்து சேரவில்லை.

மஸ்கிரேவில் சாலை எப்போதும்போல மேலே ஓடுகிறது. கீழே வார்கோப்புக்கும் கிர்க்பி ஸ்டீபனுக்கும் இடையில் தண்டவாளம் இன்னும் வரவில்லை, நடைபாதையும் வரவில்லை. திறந்த வளைவுக்கு உரிய வேலை மட்டும் திரும்பியிருக்கிறது: யாராவது ஒருவர் அவ்வப்போது அதன் அடியில் போய் நின்று, விளக்கை உயர்த்தி, எந்தச் சந்தில் சாந்து உதிர்ந்திருக்கிறது என்று பார்த்துக் குறித்துவர வேண்டும்.